கடைசிப் பத்து மாதம்: அரசு ஊழியரின் ஓய்வூதியமும் சராசரி ஊதியக் கணக்கும்

அரசு ஊழியரின் ஓய்வூதியம் மூன்று கேள்விகளுக்கான விடைகளால் அமைகிறது. எந்த ஊதியத்தின் மீது கணக்கிடுவது, எத்தனை ஆண்டுப் பணியைச் சேர்ப்பது, ஊதியத்தில் எத்தனை விழுக்காடு தருவது என்பவை அவை. விழுக்காட்டை விதி நிர்ணயித்துவிட்டது. பணிக்காலம் பணிப்பதிவேட்டில் இருக்கிறது. வாதமும் வழக்கும் அதிகம் எழுந்தது முதல் கேள்வியைச் சுற்றித்தான். முப்பது ஆண்டு வேலை பார்த்தவர் 360 மாதச் சம்பளம் வாங்கியிருப்பார். அந்த 360-இல் எந்த மாதங்கள் அவருடைய முழுப் பணிக்கும் அளவுகோலாக நிற்க வேண்டும்? கடைசி 36 மாதம் என்றது பழைய விதி. கடைசி 10 மாதம் என்றது அடுத்து வந்தது. கடைசி மாதமே போதும் என்பது பின்னர் சேர்ந்தது. 12 மாதம், 60 மாதம் என்று சொல்லும் திட்டங்களும் இன்று உண்டு.

விருதுநகர் மாவட்டத்தின் தென்மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அடுத்தடுத்து இருக்கும் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இந்த விடைகளை ஒருசேரப் பார்க்கத்தக்க ஊர்கள். இரண்டும் வட்டத் தலைநகரங்கள், இரண்டும் நகராட்சிகள். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குகிறது. ஆகவே வருவாய்த்துறை, பள்ளிக்கல்வி, மருத்துவமனை ஊழியர்களோடு நீதிமன்ற ஊழியர்களும் இங்கே கணிசமாக உண்டு. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தால் வனத்துறையினரும் உண்டு. ராஜபாளையத்திலோ 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக நூற்பாலைகள் பெருகின. ஒரே தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளியும் குடியிருக்கிறார்கள். இருவருக்கும் மாதந்தோறும் பென்ஷன் வருகிறது. ஆனால் இருவருடைய சராசரியும் வேறு வேறு.

சராசரி சுருங்கிய வரலாறு

ஓய்வூதியத்தைக் கடைசி ஊதியத்தோடு இணைக்கும் பழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது. பிரிட்டனின் 1859-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் ஊதியத்தில் அறுபதில் ஒரு பங்கு என்று வகுத்தது. இந்தியாவில் 1871-இல் ஓய்வூதியச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் நடுவண் அரசு 1972-இலும், தமிழ்நாடு அரசு 1978-இலும் தத்தம் ஓய்வூதிய விதிகளைத் தொகுத்தன. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978 என்பதே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகங்களில் இன்றும் புரட்டப்படும் விதிநூல்.

நடுவண் அரசில் முதலில் கடைசி 36 மாத ஊதியத்தின் சராசரியே அடிப்படையாக இருந்தது. விலைவாசி மெல்ல ஏறும் காலத்துக்கு அது பொருந்தும். ஊதியம் வேகமாக உயரும் காலத்தில் மூன்று ஆண்டுக்கு முந்தைய சம்பளம் சராசரியைக் கீழே இழுத்துவிடும். 1970-களின் விலையேற்றத்துக்குப் பின் இந்தக் குறை வெளிப்படையாகத் தெரிந்தது. 1979 மே 25-இல் வெளியான ஆணை, சராசரிக் காலத்தை 10 மாதமாகக் குறைத்தது. கூடவே படிநிலை விகிதத்தையும் கொண்டுவந்தது: முதல் 1,000 ரூபாய்க்கு 50 விழுக்காடு, அடுத்த 500-க்கு 45, மீதிக்கு 40. சராசரி 2,000 ரூபாய் என்றால் ஓய்வூதியம் 500, 225, 200 சேர்ந்து 925 ரூபாய்.

இந்தச் சலுகை 1979 மார்ச் 31 அன்றோ அதற்குப் பின்னரோ ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும் என்றது ஆணை. முந்தைய நாள் ஓய்வுபெற்றவருக்கு 36 மாதம், மறுநாள் ஓய்வுபெற்றவருக்கு 10 மாதம் என்று ஒரே பதவியில் இருந்த இருவர் பிரிக்கப்பட்டனர். 1972-இல் ஓய்வுபெற்ற டி.எஸ். நகாரா என்ற அதிகாரியும் பிறரும் உச்ச நீதிமன்றம் சென்றனர். 1982 டிசம்பர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஓய்வூதியர் அனைவரும் ஒரே வகுப்பினர், ஓய்வுபெற்ற தேதியை மட்டும் கொண்டு அவர்களைப் பிரிப்பது அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவுக்கு முரண் என்பது அதன் சாரம். ஓய்வூதியம் அரசின் கருணைக் கொடை அன்று, ஊழியரின் சொத்துரிமை என்று தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் 1971-இலேயே சொல்லப்பட்டிருந்தது. நகாரா தீர்ப்பு அந்த உரிமையைக் கணக்கிடும் முறைக்கும் நீட்டியது. டிசம்பர் 17 இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஒரு சராசரிக் கணக்கைத் திருத்தியதை ஒட்டிப் பிறந்த நாள் அது.

நடுவண் நான்காவது ஊதியக் குழுவோடு, 1986-இல், படிநிலை விகிதம் போய் எல்லோருக்கும் ஒரே 50 விழுக்காடு வந்தது. ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டிய 2008 செப்டம்பர் 2 ஆணை அடுத்த படி: 10 மாதச் சராசரி, கடைசியாகப் பெற்ற ஊதியம் இரண்டில் எது ஊழியருக்கு நன்மையோ அதில் பாதி. தமிழ்நாட்டிலும் இப்போது நடைமுறையில் இருப்பது இதுவே.

எது ஊதியம்

சராசரிக் கணக்கில் சேரும் ‘ஊதியம்’ சம்பளப் பட்டியலின் அடியில் வரும் மொத்தத் தொகையிலிருந்து வேறானது. அடிப்படை ஊதியமும், விதிகள் அடிப்படை ஊதியத்தோடு சேர்த்து மதிக்கும் தனி ஊதியம் போன்றவையும் மட்டுமே இதில் அடங்கும். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி, பயணப்படி ஆகியவற்றுக்கு இடமில்லை. ஆகவே மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் கையில் வாங்கியவர் தம் ஓய்வூதியம் 50,000 என்று எதிர்பார்த்தால் ஏமாறுவார். அகவிலைப்படி காணாமல் போய்விடுவதும் இல்லை. நிர்ணயித்த ஓய்வூதியத்தின் மீது பின்னர் தனியாகச் சேர்கிறது.

தமிழ்நாட்டில் 2017 அக்டோபர் 11 ஆணைப்படி திருத்திய ஊதிய விகிதங்கள் 2016 ஜனவரி 1 முதல் கருத்தியலாகவும், 2017 அக்டோபர் 1 முதல் பணப்பயனாகவும் நடைமுறைக்கு வந்தன. பழைய ஊதியத்தை 2.57-ஆல் பெருக்கிப் புதிய ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது. குறைந்தபட்ச ஊதியம் 15,700 ரூபாய், அதிகபட்சம் 2,25,000. அவற்றின் பாதியே ஓய்வூதியத்தின் எல்லைகள்: குறைந்தது 7,850, அதிகபட்சம் 1,12,500.

ஊதியத்தைக் கடைசி மாதங்களில் நகர்த்துபவை சில உண்டு. ஆண்டுக்கொருமுறை 3 விழுக்காடு ஊதிய உயர்வு; அலுவலகப் பேச்சில் இன்க்ரிமென்ட். ஒரே பதவியில் 10 ஆண்டு முடித்தால் தேர்வுநிலை, 20 ஆண்டு முடித்தால் சிறப்புநிலை. பதவி உயர்வு. எப்போதாவது வரும் ஊதியத் திருத்தம். கீழே இழுப்பது ஒன்றும் உண்டு. அது ஒழுங்கு நடவடிக்கையில் வரும் ஊதியக் குறைப்பு.

பத்து மாதக் கணக்கு

தமிழ்நாடு அரசு ஊழியர் ஓய்வுபெறும் வயது நெடுங்காலம் 58. 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் பணி முடிகிறது. அந்த நாளிலிருந்து பின்னோக்கிப் பத்து மாதம் எண்ண வேண்டும்.

ஏப்ரல் 30 அன்று ஓய்வுபெறும் உதவியாளர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய பத்து மாதம் முந்தைய ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதம் அடிப்படை ஊதியம் 60,000. ஜனவரி 1-இல் ஊதிய உயர்வு வந்து அடுத்த நான்கு மாதம் 61,800. ஆறு மாதத் தொகை 3,60,000, நான்கு மாதத் தொகை 2,47,200, ஆக மொத்தம் 6,07,200. பத்தால் வகுத்தால் சராசரி 60,720. அதில் பாதி 30,360. கடைசி ஊதியம் 61,800-இல் பாதி 30,900. பெரியது எதுவோ அது என்பதால் ஓய்வூதியம் 30,900 ரூபாய். பழைய விதிப்படி சராசரி மட்டும் என்றிருந்தால் மாதம் 540 ரூபாய் குறைந்திருக்கும். 2025 ஜூலை முதலான 58 விழுக்காடு அகவிலைப்படியோடு பார்த்தால் அந்தக் குறை 853 ரூபாய். அது ஒரு மாதத்தோடு முடிவதில்லை. ஆயுள் முழுதும், அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் சேர்ந்தே வளரும்.

பதவி உயர்வு கடைசி மாதத்தில் வந்தால் இடைவெளி இன்னும் பெரிது. ஒன்பது மாதம் 75,000, பத்தாம் மாதம் 80,000 என்றால் சராசரி 75,500, பாதி 37,750. கடைசி ஊதியத்தின் பாதியோ 40,000. ஒரே ஒரு மாதம் உயர்ந்த பதவியில் அமர்ந்ததன் பலன் 2,250 ரூபாய். ‘கடைசி மாதமாவது புரமோஷன் கிடைத்துவிட வேண்டும்’ என்ற தவிப்பும், பதவி உயர்வுப் பட்டியல் தாமதமானால் எழும் மனக்குறையும் இந்தக் கணக்கிலிருந்து வருபவை. சராசரிக் காலம் நீளமாக இருந்தவரை கடைசி நேர உயர்வுக்கு இத்தனை எடை இல்லை.

சராசரி காப்பாற்றும் இடம்

கடைசி ஊதியத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தபின் சராசரி எதற்கு என்ற கேள்வி இயல்பு. ஊதியம் எப்போதும் ஏறுமுகமாக இருந்தால் கடைசி மாதமே உச்சம். சராசரி ஒருபோதும் அதை மிஞ்சாது. ஊதியம் இறங்கிய இடத்தில்தான் சராசரிக்கு வேலை. ஒழுங்கு நடவடிக்கையால் ஒருவரின் ஊதியம் கடைசி நான்கு மாதத்தில் 70,000-இலிருந்து 66,000 ஆகக் குறைந்ததாகக் கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு 4,20,000, நான்கு மாதத்துக்கு 2,64,000, சராசரி 68,400. கடைசி ஊதியத்தின் பாதி 33,000. சராசரியின் பாதி 34,200. இங்கே ஊழியரைத் தாங்குவது சராசரி. கூடுதல் ஊதியம் உள்ள பதவியிலிருந்து இறுதி மாதங்களில் பழைய பதவிக்குத் திரும்புபவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. விதியில் சராசரி இன்றும் நீடிப்பது, விழுபவரைப் பிடிக்கும் வலையாக.

பத்து மாதத்தில் ஓட்டைகள் இருந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு. ஊதியத்துடன் கூடிய விடுப்பில் இருந்தால், பணியில் இருந்திருந்தால் என்ன ஊதியம் பெற்றிருப்பாரோ அதுவே கணக்கில் ஏறும். மருத்துவ விடுப்பில் அரைச் சம்பளம் வாங்கினார் என்பதற்காகச் சராசரி பாதியாகிவிடாது. பணிக்காலமாகச் சேராத ஊதியமில்லா விடுப்போ தற்காலிகப் பணிநீக்கமோ குறுக்கிட்டால் அந்த நாட்கள் விலக்கப்படும். அதே அளவு நாட்கள் பத்து மாதத்துக்கு முன்னாலிருந்து எடுத்து நிரப்பப்படும். இரண்டு மாதம் விலக்கப்பட்டால் கணக்கு பன்னிரண்டு மாதம் பின்னோக்கிப் போகும். வகுக்கும் எண் பத்தாகவே இருக்கும்.

ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய ஒன்றும் உண்டு. கல்வியாண்டின் நடுவில் ஓய்வுபெறும் ஆசிரியருக்கு, மாணவர் படிப்பு கெடாதிருக்க, ஆண்டு முடியும்வரை மறுநியமனம் தரப்படுகிறது. அந்த மாதங்கள் ஓய்வுக்குப் பிந்தையவை. ஓய்வூதியத்துக்கான பத்து மாதம், வயது முதிர்ந்து ஓய்வுபெற்ற நாளிலிருந்தே பின்னோக்கி எண்ணப்படும்.

ஒரு நாள் வித்தியாசம்

தமிழ்நாட்டில் ஊதிய உயர்வு காலாண்டின் முதல் நாளில் விழுகிறது: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. ஓய்வோ மாதத்தின் கடைசி நாளில். ஜூலை 1-இல் ஊதிய உயர்வுக்கு உரியவர் ஜூன் 30-இல் ஓய்வுபெற்றால் ஓராண்டு முழுதும் உழைத்தும், உயர்வு விழும் நாளில் பணியில் இல்லை. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசியிலேயே ஓய்வுபெறுவார் என்பது இன்னொரு விதி. ஜூலை 1-இல் பிறந்தவர் ஜூன் 30-இல் வெளியேற, ஜூலை 2-இல் பிறந்தவர் ஜூலை 31 வரை பணியில் இருந்து உயர்வையும் பெற்றுவிடுவார். ஒரு நாள் பிந்திப் பிறந்ததற்கு ஆயுள் முழுதும் 3 விழுக்காடு கூடுதல்.

தமிழ்நாடு அரசு இதை 2014 டிசம்பர் 31 நாளிட்ட 311-ஆம் எண் ஆணையால் சரிசெய்தது. ஓய்வுபெற்ற மறுநாளில் ஊதிய உயர்வு விழுமானால், ஓய்வூதியத்துக்கு மட்டும் அதைக் கருத்தியலாக வழங்கலாம் என்றது. 60,000 ரூபாய் ஊதியத்தில் ஓய்வுபெற்றவருக்கு 61,800 என்று வைத்துக் கணக்கிடுவார்கள். ஓய்வூதியம் 30,000-க்குப் பதில் 30,900.

நடுவண் அரசில் இப்படி ஓர் ஏற்பாடு அப்போது இல்லை. 2013 ஜூன் 30 அன்று சென்னையில் ஓய்வுபெற்ற நடுவண் அரசு அதிகாரி பி. அய்யம்பெருமாள் வழக்குத் தொடுத்தார். 2017 செப்டம்பர் 15-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பில் தமிழ்நாட்டின் 2014 ஆணையும் எடுத்துக்காட்டப்பட்டது. 2023 ஏப்ரல் 11-இல், கர்நாடக மின் தொடரமைப்புக் கழகம் தொடர்பான முண்டினாமணி வழக்கில், உச்ச நீதிமன்றமும் இதே கொள்கையை உறுதிசெய்தது. ஊதிய உயர்வு முந்தைய ஓராண்டு நற்பணிக்கானது. மறுநாள் பணியில் இல்லை என்பதற்காக அதை மறுக்கலாகாது என்பது வாதத்தின் மையம்.

பணிக்காலத்தின் பங்கு

ஊதியத்தில் பாதி என்பது முழுப் பணிக்காலத்துக்கு. தமிழ்நாட்டில் முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு தகுதிப் பணிக்காலம் வேண்டும். குறைந்தது 10 ஆண்டு. இடைப்பட்டவர்களுக்கு விகிதப்படி. கணக்கு அரையாண்டுகளில் நடக்கிறது. 30 ஆண்டு என்றால் 60 அரையாண்டு. மூன்று மாதமும் அதற்கு மேலும் உள்ள பின்னம் ஓர் அரையாண்டாகச் சேரும். மேலே பார்த்த உதவியாளர் 24 ஆண்டு 4 மாதமே பணியாற்றியிருந்தால் 49 அரையாண்டு. 30,900-ஐ 49-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 25,235 ரூபாய். நான்கு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதம் என்றிருந்தால் 48 அரையாண்டு; ஓய்வூதியம் 24,720. பத்தாண்டு நிறையாதவருக்கு ஓய்வூதியம் கிடையாது. ஒருமுறைப் பணிக்கொடையோடு சரி.

நடுவண் அரசில் இந்த விகிதக் கணக்கு போய்விட்டது. 2006 ஜனவரி 1 முதல் 10 ஆண்டு முடித்தாலே ஊதியத்தின் பாதி முழுமையாகக் கிடைக்கிறது. ஒரே ஊரில், ஒரே ஊதியத்தில் 20 ஆண்டு பணியாற்றிய அஞ்சலக ஊழியருக்கும் தாலுகா அலுவலக ஊழியருக்கும் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் வருவது இதனால்.

தமிழ்நாட்டு விதிகளில் இரண்டு தளர்வுகள் உண்டு. 2003 ஏப்ரல் 1-க்கு முன் முறைப்படுத்தப்பட்டவர், அதற்கு முன் தொகுப்பூதியத்திலோ தினக்கூலியிலோ செய்த பணியில் பாதி தகுதிப் பணிக்காலத்தோடு சேரும். விருப்ப ஓய்வில் செல்பவருக்கு ஐந்தாண்டு வரை பணிக்காலம் கூட்டித் தரப்படும். ஆனால் இந்தச் சலுகை பணிக்காலத்துக்கு மட்டும். ஊதியத்தை ஐந்தாண்டு முன்னோக்கித் தள்ளிக் கணக்கிட மாட்டார்கள்.

சராசரி தொடாத பயன்கள்

ஓய்வின்போது வரும் எல்லாத் தொகைக்கும் அடிப்படை ஒன்றே என்று கருதுவது தவறு. பணிக்கொடைக்குக் கடைசி மாத அடிப்படை ஊதியத்தோடு அகவிலைப்படியும் சேரும். ஒவ்வோர் அரையாண்டுக்கும் அதில் நான்கில் ஒரு பங்கு. 30 ஆண்டுக்குப் பதினைந்து மாத ஊதியம் வரும். உயர்ந்தது பதினாறரை மாதம். 61,800 ரூபாயோடு 58 விழுக்காடு அகவிலைப்படி 35,844 சேர்ந்தால் 97,644. பதினைந்து மடங்கு 14,64,660 ரூபாய். இது அரசு நிர்ணயிக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டது.

குடும்ப ஓய்வூதியமும் கடைசி ஊதியத்தையே பார்க்கிறது. வழக்கமான விகிதம் 30 விழுக்காடு. ஊழியர் இறந்தபின் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உயர்த்திய விகிதமாக 50 விழுக்காடு. இங்கே பணிக்கால விகிதமும் இல்லை.

ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறும் தொகுப்பு ஓய்வூதியம் நேராக ஓய்வூதியத் தொகையைச் சார்ந்தது. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை இப்படிப் பெறலாம். 30,900-இல் 10,300 ரூபாயைத் தொகுத்தவருக்கு மாதம் 20,600 வரும்; ஆனால் அகவிலைப்படி முழு 30,900-க்கும் கணக்கிடப்பட்டு 17,922 சேரும்; ஆக 38,522. 15 ஆண்டு கழித்துப் பிடித்தம் நின்று முழு ஓய்வூதியம் திரும்பும். சராசரியில் விழும் சிறு பிழை, தொகுப்புத் தொகையிலும் பிழையாகிறது, அகவிலைப்படியிலும் பிழையாகிறது, பின்னால் வரும் ஊதியக் குழுவின் திருத்தத்திலும் அதே பிழை பெருக்கப்படுகிறது.

பதிவேட்டிலிருந்து கருவூலம் வரை

கணக்கின் மூலம் பணிப்பதிவேடு. பேச்சில் எஸ்.ஆர். எனப்படும் அந்தப் பதிவேட்டில் நியமனம், விடுப்பு, ஊதிய உயர்வு, ஊதிய நிர்ணயம் எல்லாம் பதிவாகியிருக்க வேண்டும். ஓய்வு நெருங்கும்போது அலுவலகத் தலைவர் பத்து மாத ஊதிய விவரத்துடன் கருத்துரு தயாரித்துச் சென்னையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு அனுப்புகிறார். அங்கே சரிபார்த்து ஓய்வூதியம், பணிக்கொடை, தொகுப்பு ஆகியவற்றுக்கான ஆணைகள் பிறக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ உள்ள சார் கருவூலத்துக்கு அவை வந்து சேர்ந்தபின் வங்கிக் கணக்கில் தொகை ஏறத் தொடங்கும். நகராட்சி ஊழியர்களின் கணக்கு மட்டும் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை வழியாகப் போகிறது.

சரிபார்ப்பில் அடிக்கடி அகப்படுவது பழைய ஊதிய நிர்ணயப் பிழை. பதினைந்து ஆண்டுக்கு முன் தேர்வுநிலை ஊதியம் ஒரு படி கூடுதலாக நிர்ணயிக்கப்பட்டிருந்தால், அதன்மேல் ஏறிய ஒவ்வோர் ஊதிய உயர்வும் கூடுதலாகவே வந்திருக்கும். திருத்தினால் கடைசி ஊதியமும் சராசரியும் இறங்கும். இதுவரை வாங்கிய மிகைத் தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீஹ் வழக்கில் 2014 டிசம்பர் 18-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வரம்பு கட்டியது. கீழ்நிலைப் பணியாளரிடமும், ஓய்வுபெற்றவரிடமும், ஓராண்டுக்குள் ஓய்வுபெற இருப்பவரிடமும் இப்படிப்பட்ட மிகைத் தொகையைப் பிடிக்கக் கூடாது என்றது. பிடித்தம்தான் தடுக்கப்பட்டது, ஊதியத்தைச் சரியான அளவுக்குத் திருத்தி ஓய்வூதியம் நிர்ணயிப்பதற்குத் தடையில்லை. ஆகவே கடைசி ஆண்டில் எழும் தணிக்கை ஆட்சேபணை, ஓய்வூதியத்தை நிரந்தரமாகக் குறைக்க வல்லது.

ஆலைத் தொழிலாளியின் அறுபது மாதம்

ராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளிக்கு உரியது 1995 நவம்பர் 16-இல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். அதிலும் கணக்கு சராசரி ஊதியத்தின் மீதே. ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 ஆகஸ்ட் வரை கடைசி 12 மாதச் சராசரி. 2014 செப்டம்பர் 1 முதல் கடைசி 60 மாதச் சராசரி. கணக்கில் சேரும் ஊதியத்துக்கு வரம்பும் உண்டு: முன்பு 6,500 ரூபாய், பின்னர் 15,000. உயர் வரம்பிலேயே 30 ஆண்டு பணியும், இருபதாண்டுக்கு மேல் பணியாற்றியதற்கான இரண்டாண்டுச் சலுகையும் சேர்ந்தால் 15,000-ஐ 32-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க, ஏறத்தாழ 6,857 ரூபாய். இதற்கு அகவிலைப்படி இல்லை. குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய்.

சராசரியை அறுபது மாதமாக நீட்டியதை எதிர்த்த வழக்கில் 2022 நவம்பர் 4-இல் உச்ச நீதிமன்றம் அந்த மாற்றத்தை ஏற்றது. அரசு ஊழியருக்குக் காலம் 36-இலிருந்து 10 ஆகவும் பின் ஒன்றாகவும் சுருங்கியது. ஆலைத் தொழிலாளிக்கு 12-இலிருந்து 60 ஆக விரிந்தது. திசை மாறுவதன் காரணம் நிதியின் மூலத்தில் இருக்கிறது. அரசு ஓய்வூதியம் அந்தந்த ஆண்டு வரவிலிருந்து தரப்படுகிறது. தொழிலாளர் திட்டம், முதலாளி செலுத்தும் 8.33 விழுக்காட்டைச் சேர்த்து வைத்த நிதியிலிருந்து தரப்படுகிறது. பணிக்காலம் முழுதும் குறைந்த ஊதியத்துக்குப் பங்களிப்புச் செலுத்திவிட்டுக் கடைசியில் உயர்ந்த ஊதியத்துக்கு ஓய்வூதியம் தந்தால் நிதி தாங்காது என்பது நீளமான சராசரிக்குச் சொல்லப்படும் நியாயம். அந்தச் சுமையைத் தாங்குபவர் தொழிலாளி.

2003-க்குப் பின்

மேலே விளக்கிய பத்து மாதக் கணக்கு, தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு உரியது. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், அதாவது சி.பி.எஸ். வந்தது. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு ஊழியரிடம் பிடிக்கப்பட்டது. அரசும் அதே அளவு செலுத்தியது. அதில் சராசரி என்ற கருத்துக்கே இடமிருக்கவில்லை. கடைசி ஊதியம் எவ்வளவு உயர்ந்தாலும் ஊழியருக்குக் கிடைத்தது சேர்ந்த தொகை. நடுவண் அரசு 2004 ஜனவரி 1 முதல் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறியது. ஒரே பள்ளியில் 2002-இல் சேர்ந்த ஆசிரியர் தம் பத்து மாதத்தை எண்ணிக்கொண்டிருக்க, 2004-இல் சேர்ந்தவர் கணக்குத் தாளில் உள்ள இருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய திட்டத்தைக் கேட்டு நடந்த தொடர் போராட்டங்களின் விளைவாகச் சராசரி வேறு உருவில் திரும்பியது. 2024 ஆகஸ்ட் 24-இல் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்து, 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், 25 ஆண்டு பணியாற்றியவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் 50 விழுக்காட்டை உறுதிசெய்கிறது. பத்தாண்டு முடித்தவருக்குக் குறைந்தது 10,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு அமைந்தது. 2026 ஜனவரி 3-இல் அரசு, தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. கடைசி மாத ஊதியத்தில் 50 விழுக்காடு உறுதி. ஊழியரின் 10 விழுக்காட்டுப் பங்களிப்பு தொடரும். மீதியை அரசு ஏற்கும் என்பது அதன் அடிப்படை. நடுவண் திட்டம் 12 மாதத்தைத் தேர்ந்தபோது தமிழ்நாடு கடைசி மாதத்தைத் தேர்ந்தது.

எத்தனை மாதம் நியாயம்

கடைசி மாதத்தை மட்டும் எடுத்தால் ஊழியர் ஓய்வின் மறுநாளும் ஏறத்தாழப் பழைய வாழ்க்கைத் தரத்திலேயே தொடரலாம். ஆனால் இறுதியில் பதவி உயர்வு பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையே பணி முழுவதன் அளவுக்குப் பொருந்தாத இடைவெளி விழும். முப்பது ஆண்டு ஒரே பதவியில் இருந்த கடைநிலை ஊழியருக்கு இதனால் பெரிய லாபமில்லை. வேகமாக மேலேறிய அதிகாரிக்கே லாபம். இந்த ஏற்றத்தாழ்வையும் காரணம் காட்டிப் பிரிட்டன் தன் அரசுப் பணியாளரைப் பணிக்காலச் சராசரி முறைக்கு மாற்றியது. 2007-இல் புதிதாகச் சேர்ந்தவர்களில் தொடங்கி 2015-இல் விரிந்த அந்த முறையில், ஒவ்வோர் ஆண்டு ஊதியத்திலும் 2.32 விழுக்காடு தனியாக ஒதுக்கி, விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே வந்து கூட்டுகிறார்கள். அங்கே 360 மாதமும் கணக்கில் உண்டு.

விலைவாசியோடு இணைக்காமல் காலத்தை மட்டும் நீட்டினால் பழைய ஊதியத்தின் மதிப்புக் கரைந்து ஓய்வூதியம் சிறுக்கும். 36 மாத விதியைக் கைவிடச் செய்தது அதுவே, 60 மாத விதியின் குறையும் அதுவே. பத்து மாதமும் கடைசி மாதமும் சேர்ந்த தமிழ்நாட்டு விதி, ஏறுகிற ஊதியத்தில் கடைசி மாதத்தையும் இறங்குகிற ஊதியத்தில் சராசரியையும் ஊழியருக்குத் தருகிறது. 2003-க்கு முன் சேர்ந்தவர்களில் கடைசி ஊழியர் ஓய்வுபெறும் நாள் வரை அந்தக் கணக்கு இரண்டு ஊர் அலுவலகங்களிலும் போடப்படும்.